வெளியே நின்ற இருநூற்று எழுபத்தொன்று

மருந்துக்கடையில் முப்பத்தொரு வருசம்
மாத்திரை எண்ணியவள் நான்.
தட்டில் ஐந்தைந்தாகத் தள்ளி
உறைக்குள் விழுத்தும்போது
ஒன்று கூடினாலும் விரலுக்குத் தெரியும்.

அந்த விரலால்தான்
சேமலாப நிதிக் காசோலையைப்
பிடித்துக்கொண்டு போனேன்,
ஜம்பட்டா வீதியில் வெள்ளம் வடியாத ஒரு புதன்கிழமை,
செருப்பு மற்றக் கையில்.

பதினொரு இலட்சம் வரைக்கும் காப்புறுதி என்று
சுவரில் ஒட்டியிருந்தார்கள், மூன்று மொழியிலும்.
சரி, பதினொன்று என்றேன்.
ஒன்பது வீதம். ஒரு வருசம்.
வட்டி முடிவில்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஷிஃபானா
படிவத்தை என் பக்கம் திருப்பினாள்.
"நாளைக்கு விடிய உங்கட காசு
பதினொன்றுக்கு மேலே போயிரும், மிஸ்."
கல்குலேட்டரில் தட்டிக் காட்டினாள்:
இருநூற்று எழுபத்தொரு ரூபா, இருபத்துமூன்று சதம்.

அது வட்டிதானே பிள்ளை என்று
கையொப்பமும் போட்டுவிட்டு வந்தேன்.

இரவு மழை பிடித்துக்கொண்டது.
வங்கி பூட்டியிருக்கிறது.
உள்ளே பதினொரு இலட்சமும்
பாயை விரித்துப் படுத்துவிட்டன.
இரும்புக் கேற்றுக்கு வெளியே
பிறந்து ஒரு நாளான இருநூற்று எழுபத்தொன்று,
குடையில்லாமல்.
நாளைக்கு அதன் பக்கத்தில் இன்னொன்று வரும்.
மாதம் முடிய எட்டாயிரத்துச் சொச்சம்,
நனைந்து நனைந்து
என் பெயரைச் சொல்லிக்கொண்டு.

செபமாலைக்கு இது கனவு இல்லை.
என்னோடு நின்று இருமல் மருந்து வார்த்தவள்.
கண்ணாடிக் கதவுள்ள நிதி நிறுவனம்,
பிறந்தநாளுக்கு வாழ்த்து அட்டை அனுப்புகிற நிறுவனம்;
நான்கு வருசம் தொடாமல் விட்டாள்.
கதவில் சங்கிலி விழுந்த பிறகு
அலைந்து, படிவம் நிரப்பி, மறுபடி அலைந்து
பதினொன்று திரும்பியது.
மிச்சம் மூன்று இலட்சத்து நாற்பதாயிரம்
இன்னும் எங்கேயோ வரிசையில் நிற்கிறதாம்.
முதல் தப்பியதே, வட்டிதானே போனது என்றார்கள்.
"வட்டி இல்லை," என்றாள்.
"நான் வாங்காத பிரிஜ்.
போகாத வேளாங்கண்ணி.
கட்டி முடிக்காத பல்."

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.
அளந்துதான் போட்டோம்.
ஆனால் உலைக்கு அரிசி அளக்கிற கை
பானை நிறைய அளப்பதில்லை;
வேகும்போது அது எவ்வளவாகும் என்று
அதற்குத் தெரியும்.
காசுக்கு மட்டும்
எங்கள் கை அதை மறந்துவிட்டது.

வியாழன் காலையே போய் வைப்பை முறித்தேன்.
ஒரு நாளுக்கு வட்டி கிடையாது என்றார்கள்.
அந்த இருநூற்று எழுபத்தொன்று
அப்படித்தான் போயிற்று,
எந்தக் கணக்கிலும் ஏறாமல்.

அதே வங்கியில் வேறு புத்தகம் திறந்தால்?
"புத்தகம் எத்தனை என்டாலும் ஆள் ஒன்றுதானே, மிஸ்."
ஆகவே பத்து இங்கே.
ஒன்று ஆமர் வீதியில், வேறு வங்கியில்.
வருசக் கடைசியில் பத்து இலட்சத்துத் தொண்ணூறாயிரம்;
கூரையில் தலை இடிக்க
இன்னும் பத்தாயிரம் இருக்கும்.

வருசம் திரும்பியது.
வரி போக எண்பத்தோராயிரம் கைப்பையில்.
ஆமர் வீதிக்கென்றுதான் நடந்தேன்.
வழியில் செபமாலையின் படிக்கட்டு.

மேசையில் வைத்தேன். பல்லுக்கு, என்றேன்.
கனநேரம் தொடவில்லை.
பிறகு தாள்களை ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணினாள்.
ரசீது எழுத வீட்டில் தாள் இல்லை;
லாச்சியில் பழைய மாத்திரை உறை ஒன்று.
தொகை, திகதி, கையொப்பம்.
"வட்டி இல்லை" என்று
தானே எழுதி அடிக்கோடும் போட்டாள்.
என்னிடம் நீட்டுவதற்கு முன்
உறையில் அச்சடித்திருந்த
"உணவுக்குப் பின்" என்ற இடத்தில்
கைப்பழக்கத்தில் ஒரு சரி.